அந்தியேட்டிக் கல்வெட்டு எந்த இலக்கிய வகை?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் ரின் இருக்கிறது. அதில் பிஸ்கட் இருந்த காலம் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. உள்ளே இருப்பவை கல்வெட்டுகள். ஒருவர் காலமாகி 31ஆம் நாள், அந்தியேட்டிக் கிரியை முடிந்து மதியச் சாப்பாடும் ஆனபின், வந்தவர்களின் கையில் கொடுப்பார்களே, அந்தச் சின்னப் புத்தகங்கள். அட்டையில் நினைவு மலர் என்று அச்சடித்திருந்தாலும் ஈழத்துச் சைவ வீடுகளில் பேச்சு வழக்கில் அது கல்வெட்டுத்தான்.

போன மாதம் அந்த ரின்னை இறக்க வேண்டி வந்தது. கீழ்மாடியில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறாள். வார இறுதியில் முதுமாணி (எம்.ஏ) வகுப்புக்குப் போகிறாள். ஆய்வேட்டுக்குக் கல்வெட்டுகளை எடுக்கலாம் என்று அவளுக்கு ஆசை. முன்மொழிவைப் பார்த்த மேற்பார்வையாளர் ஒரே ஒரு கேள்வியை ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“அக்கா, இது என்ன இலக்கிய வகை எண்டு கேட்டிருக்கிறார். கவிதை எண்டால் கவிதை, வாழ்க்கை வரலாறு எண்டால் வாழ்க்கை வரலாறு, ஒண்டைச் சொல்லட்டாம். நான் இதை எதுக்குள்ள போடுறது?”

என் பெரியம்மாவின் கல்வெட்டை எடுத்துப் பிரித்தோம். 36 பக்கம். அட்டையில் ‘அமரர் திருமதி’ என்று தொடங்கி முதலில் பெரியப்பாவின் பெயர், அதற்குப் பின்னால் பெரியம்மாவின் பெயர். உள்ளே திதி வெண்பா. அறுபது ஆண்டுச் சுற்றில் எந்த வருடம், எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்பதையெல்லாம் நாலடிக்குள் அடக்கிவிட வேண்டும். பின்னால் திவசம் செய்கிறவர்களுக்கு அதுதான் ஆதாரம். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில் முடிய வேண்டும். அவ்வளவு நெருக்கடியில் பெரியப்பாவின் பெயருக்கு இடம் கிடைக்கவில்லை. பெரியம்மா தன் பெயரோடு மட்டும் நிற்கிறார். (மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது. எழுதியவர் பெரியம்மாவிடம் படித்த பிள்ளை என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை.)

அடுத்து பஞ்சபுராணம் எனப்படும் ஐந்து திருமுறைப் பாடல்கள். அதற்குப் பிறகு வசனத்தில் வாழ்க்கை வரலாறு: வடமராட்சியில் பிறப்பு, ஆசிரியப் பயிற்சி, கொழும்பில் பணி, இடமாற்றங்கள், ஓய்வு. ‘நாட்டுச் சூழ்நிலை காரணமாக’ என்ற மூன்று சொல்லில் 1983 இனக் கலவரமும் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வும் கடந்து போய்விடுகின்றன. பின்னர் புலம்பல்கள். மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஆளுக்கொரு பாட்டு. எல்லாம் ஒருவரே எழுதிக் கொடுத்தவை என்பது படிக்கும்போதே தெரியும். ஆனாலும் மகளின் புலம்பலில்தான், கலவரத்துக்குப் பின் அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குப் போன கப்பல் வருகிறது. கப்பலில் அம்மா மடியில் வைத்திருந்த பை, அதற்குள் இருந்த வகுப்பு இடாப்பு, எல்லாம் வருகின்றன. அப்புறம் வம்சாவளி, நன்றி நவிலல். கடைசிப் பக்கத்தில் பருத்தித்துறை வடை செய்யும் முறை.

இந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பகுதியிலும் வேறு வேறு பெரியம்மா இருக்கிறார். அட்டையில் ஒருவரின் மனைவி. வெண்பாவில் தனி ஆள். வசனத்தில் கல்வித் திணைக்களத்து உத்தியோகத்தர். புலம்பலில் கப்பலில் குந்தியிருக்கும் தாய். எதைச் சொல்லலாம், எதை விட வேண்டும், ஆளை எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்பதை அந்தந்த இலக்கிய வகைதான் முடிவு செய்கிறது. இதில் ஒன்றை மட்டும் எடுத்து ‘கல்வெட்டுக் கவிதைகள்: ஓர் ஆய்வு’ என்று தலைப்பு வைத்தால் மீதிப் பெரியம்மாக்கள் வெளியே நிற்பார்கள்.

பட்டப்பின் படிப்பில் இலக்கியத்தை வகை கடந்து படிப்பது என்று சொல்லப்படுவதன் சாரம் இதுதான். பல்கலைக்கழகக் கையேடுகளில் அது கொஞ்சம் கனமான சொற்களில் இருக்கும், அவ்வளவே.

நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் சிறப்புக் கலைமாணிப் பட்டம் 6ஆம் மட்டம். அதற்கு மேல் பாடநெறியாக மட்டும் படிக்கும் முதுமாணி 9ஆம் மட்டம், 30 திறமைப்புள்ளிகள். ஆய்வேடும் சேர்ந்தால் 10ஆம் மட்டம், 60 புள்ளிகள், இரண்டு வருடம். எம்.பில் எனப்படும் முதுதத்துவமாணி 11, கலாநிதிப் பட்டம் 12. பாடநெறிகள் பெரும்பாலும் வகை வாரியாகவே பிரிந்திருக்கும்: கவிதைக்கு ஒரு பாடம், புனைகதைக்கு ஒன்று, நாடகத்துக்கு ஒன்று, நாட்டார் வழக்காற்றுக்கு ஒன்று. பாடம் நடத்த அது வசதி. சிக்கல் ஆய்வேட்டில் வருகிறது. மாணவர் ஒரு கேள்வியைத் தேடாமல் ஒரு பெட்டியைத் தேடிக்கொண்டு போகிறார். ஒரு எழுத்தாளர், ஒரு வகை, முன்னால் அவர் பெயர், பின்னால் ‘ஓர் ஆய்வு’. இப்படிப்பட்ட ஆய்வேடுகள் எத்தனை தட்டுகளை நிறைத்திருக்கின்றன என்பது நூலகத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் தமிழில் இலக்கிய வகை பற்றிய பேச்சு கவிதை, கதை, நாடகம் என்று தொடங்கவேயில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுள் பிறக்கும் ஏழு நிலங்களைச் சொல்கிறது: பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல். பிசி என்றால் விடுகதை, முதுசொல் பழமொழி. வாய்மொழியை மந்திரம் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். விடுகதையும் மந்திரமும் வசையும் பாட்டுக்குப் பக்கத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. யாரும் யாரையும் எழுப்பிவிடவில்லை. அதே இயலில் வரும் எட்டு வனப்புகளில் ஒன்றான தொன்மை, உரையொடு கலந்து வரும் பழங்கதை. இன்னொன்று விருந்து, புதிதாக வந்த யாப்பு. புது வகை பிறக்கும், அதற்கும் ஓர் இலை போட வேண்டும் என்று இலக்கணமே எதிர்பார்த்திருக்கிறது.

பிறகு வந்த பாட்டியல் நூல்கள் உலா, தூது, பிள்ளைத்தமிழ், கலம்பகம் என்று வகைகளை எண்ணத் தொடங்கின. பிரபந்தம் 96 என்ற கணக்கும் நிலைத்தது. அந்தக் கணக்கு எழுதும்போதே போதாமல் போயிருக்கும். முஸ்லிம் புலவர்கள் கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா, படைப்போர் என்று புது விருந்துகளைக் கொண்டு வந்தார்கள். ஆயிர மசலாவின் காலம் 1572. கேள்வி பதிலாகவே போகும் ஒரு நூலை எந்தப் பாட்டியலில் அடக்குவது?

இறந்தவருக்குப் பாடும் மரபும் அந்த அளவுக்குப் பழையது. புறத்திணையில் கையறுநிலை என்ற துறை இருக்கிறது. அகநானூற்றில் நடுகல்லைச் சொல்லும்போது ‘பெயரும் பீடும் எழுதி’ என்ற தொடர் வருகிறது. வெள்ளவத்தை அச்சகத்தில் ஓப்செட்டில் அடித்த புத்தகமும் அதே இரண்டைத்தானே எழுதுகிறது, பெயரும் பீடும்? நம் நாட்டில் கல்வெட்டு என்ற பெயர் ஏட்டிலும் முன்பே ஏறியிருந்தது. திருகோணமலைக் கோணேசர் கோயிலைப் பற்றிய கோணேசர் கல்வெட்டு கல் இல்லை. பாட்டும் வசனமும் கலந்த நூல். தங்கச்சிக்கு இதைச் சொன்னதும் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினாள். மேற்பார்வையாளருக்குக் கொடுக்கும் பதிலில் பாதி இங்கேயே கிடைத்துவிட்டது.

மற்றப் பாதி கொழும்பிலேயே இருக்கிறது. 1921இல் இங்கே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமானது. அடுத்த வருடம் தமிழுக்கு முதல் பேராசிரியராக வந்தவர் சுவாமி விபுலாநந்தர். அதற்கு முன்பே 1926இல் வெளியான மதங்கசூளாமணியில் சேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி, தமிழ் நாடக இலக்கணத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியிருந்தார். அவர் காலமான 1947இல்தான் யாழ்நூல் வெளிவந்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையைப் பிடித்துக்கொண்டு இசைக்கும் கணக்குக்கும் போய், மறைந்துபோன யாழ்களை மீட்டெடுக்கப் பார்த்த நூல் அது. இன்றைய ஆய்வுத் தலைப்புப் படிவத்தில் யாழ்நூலுக்கு எந்தக் கட்டத்தில் சரி போடுவது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அவருக்குப் பின் பேராசிரியரான க. கணபதிப்பிள்ளை லண்டனில் 7ஆம், 8ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்களின் மொழியை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஊருக்கு வந்து யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகம் எழுதினார். கல்லில் எழுதிய தமிழைத் துருவியவர் காதில் விழுந்த தமிழையும் விடவில்லை. பத்துப்பாட்டில் ஆய்வு செய்து திரும்பிய சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனை மாணவர்களைக் கொண்டு நாட்டுக்கூத்தைச் செம்மைப்படுத்தி மேடையேற்றினார். 1952இல் கலைத்துறைகள் பேராதனைக்குப் போனதோடு கொழும்பில் இந்தக் கதையில் ஓர் இடைவெளி விழுகிறது. அது தனியாக எழுத வேண்டியது.

பேசிப் பேசித் தீராத இடம் ஈழத்து விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும். 1960களில் இருவரும் ஆய்வுக்காக இங்கிலாந்தின் பேர்மிங்காமுக்குப் போனார்கள். அங்கே ஜோர்ஜ் தொம்சன் கிரேக்க நாடகத்தைச் சடங்கோடும் சமூகத்தோடும் சேர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கைலாசபதி அதற்கு முன் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தில் தினகரன் ஆசிரியராக இருந்தவர். அவருடைய ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. சங்கப் பாடல்களை வீரநிலைக் கவிதையாக, கிரேக்க மரபுகளோடு ஒப்பிட்டு வாசித்தது அது. மில்மன் பரி, அல்பேர்ட் லோர்ட் என்ற இருவரும் ஹோமரின் கிரேக்கக் காவியங்களை விளங்கிக்கொள்ள யூகோஸ்லாவியப் பாடகர்களைக் கேட்டு ஒன்றைக் கண்டிருந்தார்கள்: எழுத்தறியாத பாடகன் ஆயிரக்கணக்கான அடிகளை மனப்பாடம் செய்வதில்லை, ஆயத்தமாக இருக்கும் தொடர்களைக் கோத்துக் கோத்து அந்த இடத்திலேயே பாட்டைக் கட்டுகிறான். சங்கப் பாட்டிலும் அப்படித் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் இருக்கின்றனவே, ஆகவே அதன் அடியில் பாணரின் வாய்மொழி மரபு இருக்கிறது என்பது கைலாசபதியின் வாதம்.

இப்படி ஆயத்தமாக இருக்கும் வாய்பாட்டுத் தொடர் என்றால் என்னவென்று இலங்கைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. வானொலியில் மரண அறிவித்தல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். “பிறப்பிடமாகவும்… வதிவிடமாகவும் கொண்ட…” என்று தொடங்கினால் “அன்னார் காலஞ்சென்ற…” வரும், பிறகு “அன்பு மகளும்… பாசமிகு தாயாரும்… ஆவார்”, கடைசியில் “உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்”. யாரும் பாடமாக்கியதில்லை. பெயரையும் ஊரையும் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளையும் சொல்லிவிடும். கைலாசபதியின் நூலில் இந்த வாதம் வரும் பகுதிக்கு நான் வந்தபோது காதில் கேட்டது ஹோமர் இல்லை, காலை நேர வானொலிதான்.

ஆனால் அந்த ஒப்பீட்டில் ஒரு தொய்வும் இருக்கிறது. ஹோமரின் காவியம் நீண்ட கதை. புறப்பாட்டு பத்து இருபது அடிகளில் முடிந்துவிடும். நீளமாக, நிற்காமல் பாட வேண்டியவனுக்குத்தான் ஆயத்தத் தொடர் உயிர். சின்னப் பாட்டைப் பாடுகிறவனுக்கு அதே அளவு தேவையா? பின்னர் அமெரிக்கத் தமிழறிஞர் ஜோர்ஜ் ஹார்ட் எழுதிய நூல் சங்கப் பாடல்களைப் பாணரின் வாய்மொழிப் பாட்டை மாதிரியாக வைத்துப் புலவர்கள் இயற்றியவையாகப் பார்த்தது. யார் சொன்னது சரி என்பதை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இரண்டு வகைகளை ஒன்றாக வைக்கும்போது அவை எங்கே ஒத்துப்போகவில்லை என்று சொல்லாவிட்டால், முதல் கேள்வியே அந்த இடத்திலிருந்துதான் வரும். வகை கடந்து எழுதும் மாணவர்கள் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

சிவத்தம்பியின் சிக்கல் இன்னும் சுவையானது. அவர் எடுத்தது பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம். சங்க காலத்து நாடகப் பிரதி ஒன்றுகூட நம் கையில் இல்லை. இல்லாத ஒன்றின் வரலாற்றை எப்படி எழுதுவது? பாட்டில் வரும் கூத்தர், விறலியர், வெறியாட்டு, இலக்கணச் சூத்திரங்கள், சிலப்பதிகாரத்து அரங்கு என்று மற்ற வகைகளைச் சாட்சிக்கு அழைத்தார். ஒரு வகையைப் பற்றிய ஆய்வு முழுக்க முழுக்க வேறு வகைகளின் வாக்குமூலத்தில் நிற்கிறது. 1970இல் பட்டம் கிடைத்தது; நூலாக வர 1981 ஆனது.

“இதெல்லாம் பெரிய ஆக்கள் செய்தது அக்கா, எனக்கு இருக்கிறது ரெண்டு வருசம்” என்றாள் தங்கச்சி. நியாயம்தான். முதுமாணி ஆய்வேட்டில் தமிழ் இலக்கியம் முழுவதையும் கடக்க முடியாது. கடக்கவும் தேவையில்லை. ஒரு சின்ன இடத்தில் நின்று, அங்கே எத்தனை வகை எழுத்து ஒன்றின்மேல் ஒன்று கிடக்கிறது என்று பார்த்தால் போதும். அதற்குக் கொழும்பு நல்ல ஊர்.

1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் இங்கேதான் தொடங்கின. கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே தேசிய சுவடிகள் காப்பகம். அங்கே கட்டிவைத்த பழைய ஞாயிறு இதழ் ஒன்றை விரித்தால் சிறுகதை, அதற்குக் கீழே கவிதை, பக்கத்தில் தொடர்கதையின் ஒரு துண்டு, மூலையில் நாடக விளம்பரம், அடுத்த பக்கத்தில் மரண அறிவித்தல். அந்தச் சிறுகதை பிறகு தொகுப்பில் ஏறும்போது தனியாக, சுத்தமாக, பக்கத்து வீட்டுக்காரர் யாரும் இல்லாமல் நிற்கும். முதலில் படித்தவர்கள் அப்படிப் படிக்கவில்லை. தொகுப்பை மட்டும் வைத்து ஆய்வு செய்கிறவருக்கு இது கண்ணில் படவே படாது.

வானொலியும் அப்படித்தான். மரிக்கார் ராமதாஸ் எழுதிய கோமாளிகள் கும்மாளம் தொடரில் யாழ்ப்பாணத் தமிழ், முஸ்லிம் தமிழ், சிங்களம் கலந்த தமிழ் எல்லாம் ஒரே வீட்டுக்குள் பேசின. 1976இல் அதுவே கோமாளிகள் என்று சினிமாவாக வந்தது. கொழும்பில் பஸ்ஸுக்குள் ஏறினால் காதில் விழும் தமிழை அந்தக் காலத்தில் எந்த நாவலை விடவும் இந்த நாடகம் நன்றாகப் பிடித்திருந்தது என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் இருப்பார்கள். ஆனால் நாவல் பாடமும் நாடகப் பாடமும் வேறு வேறு நாட்களில் நடக்கும் வரை அந்தச் சண்டையைப் போட மேடையே இல்லை.

சரி, தங்கச்சியின் ஆய்வேடு. நாங்கள் இருவரும் இருந்து கேள்வியைத்தான் மாற்றினோம். கல்வெட்டு என்ன வகை என்று தொடங்காமல், ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கல்வெட்டின் ஒவ்வொரு பகுதியும் எப்படிச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று வைத்தாள். எல்லை: ஆசிரியைகளாக இருந்து காலமான பெண்கள், 1983க்குப் பின் கொழும்பில் அச்சான கல்வெட்டுகள், 25 புத்தகம். ஒவ்வொன்றிலும் அட்டைப் பெயர், வெண்பாப் பெயர், வசனத்தில் இடப்பெயர்வுக்கு எத்தனை சொல், புலம்பலில் எத்தனை அடி என்று அட்டவணை போடுவாள். பக்கத்தில் அதே காலத்துச் சிறுகதைகள் சில. மூலங்களுக்கு உறவுக்காரர்களின் ட்ரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளமும் நினைவு மலர்களைச் சேகரித்து வைத்திருக்கிறது. வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் ஒரு நடை போய்ப் பார்ப்பதாகச் சொன்னாள்.

ஒரு விஷயத்தில் அவளை நிறுத்தினேன். கல்வெட்டில் இருப்பது ஒரு குடும்பத்தின் முழு விவரம்: வம்சாவளி, யார் எந்த நாட்டில், யார் யாரைக் கட்டியது. சிறுகதைப் பாத்திரத்தைப் பற்றி எழுதுவதுபோல இதை எழுத முடியாது. பெயர்களை மறைக்க வேண்டும், வீட்டாரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அதே சமயம், வெண்பாவில் பெயரை மறைத்தால் சீர் உடையும்; பெயர் எப்படி யாப்புக்குள் நுழைந்தது என்பதே இவளுடைய ஆய்வு. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சம்மதம் தந்த இரண்டொரு குடும்பங்களின் வெண்பாவை முழுதாகக் காட்டி, மற்றதை அசை பிரித்து வாய்பாடாக மட்டும் காட்டலாம் என்று இப்போதைக்கு முடிவு.

தலைப்புப் படிவத்தில் இலக்கிய வகை என்ற இடத்தில் என்ன எழுதினாள் என்று கேட்டேன். “‘கல்வெட்டு’ எண்டே எழுதிப்போட்டன்” என்றாள்.

போகும்போது பெரியம்மாவின் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, படிக்கட்டில் நின்றபடியே கடைசிப் பக்கத்தைத் திரும்ப வாசித்தாள். “இந்த வடைக் குறிப்பு ஆர் எழுதினது அக்கா? மற்றப் பக்கம் மாதிரி இல்லையே.”

அது யாரும் எழுதியதில்லை. கனடாவில் இருக்கும் மகள் ஒருநாள் வட்ஸ்அப்பில் கேட்க, பெரியம்மா குரலில் அனுப்பியது. அச்சுக்குக் கொடுக்கும்போது மகள் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே கொடுத்துவிட்டாள். “உழுந்தை நல்லா ஊற விடு பிள்ளை. மா எவ்வளவு எண்டு என்னட்டக் கேளாத, கையுக்குத் தெரியும். செத்தல் மிளகாயை இடிக்க வேணும், உங்க மெசினில அரைச்சால் அது வேற சாமான்.”